காஜா பெராங்கில் எண்ணெய்த் தொட்டிக்கு இடம் பார்த்த கதை

பிளான் வரைகிறவனுக்கு நிம்மதி கிடையாது; காகிதத்தில் எல்லாம் சரியாக அமைந்துவிட்டால்தான் அவனுக்குப் பயமே வரும். இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்களும் பட்டிருப்பீர்கள்.

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, முந்திய வருஷம். மலாக்காவில் ஓர் எண்ணெய்க் கம்பெனியில் வேலை. கடலோரத்துப் பழைய கிடங்கைப் பிரித்துக் கட்டும்வரை பெட்ரோல் வைக்க, காஜா பெராங்கில் ஒரு காலி நிலத்தைப் பிடித்தார்கள். இரண்டு பெரிய இரும்புத் தொட்டிகள், லாரி வந்து போக ஒரு பாதை. எது எங்கே என்று நான் கோடு போட வேண்டும். பத்து நாள் கெடு.

காலைக் காற்று

அளவெடுக்க நானும் சங்கிலி பிடிக்கிற செல்லையா அண்ணனும் காலையில் போவோம். அப்போது காற்று கடல் பக்கமாகப் போகும். நிலத்தின் வடக்கு வேலியை ஒட்டி ஒரு மலாக்காச் செட்டி வீடு; பல தலைமுறைக்கு முன்னே இங்கே வந்து தங்கிவிட்ட தமிழர்கள். பெயரெல்லாம் நம் பெயர், சாமியும் நம் சாமி, பேச்சு மட்டும் மலாய். வீட்டுக்கார அம்மா மீனாச்சி, வாசலில் விறகடுப்பு மூட்டிச் சமைத்து விற்பவர். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தவழ்ந்து போய் நெருப்பைத் தேடிப் பிடிக்கும். காற்றுதான் எதிர்த்திசையில் போகிறதே என்று தொட்டிகளை அந்த வீட்டுக்கு நேரே போட்டேன். கம்பெனித் துரையும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

எட்டாம் நாள் முளையடிக்கும்போது அந்த அம்மா வேலியோரம் வந்து, என்ன வரப்போகிறது என்று கேட்டார். சொன்னேன். மத்தியானம் வந்து பார் என்றார். போனேன். கடல்காற்று கிளம்பி, என் முளைகளைத் தாண்டி நேராக அவர் அடுப்புக்குள் வீசிக்கொண்டிருந்தது. கையெழுத்தான பிளானை மாற்றச் சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் அவர்கள் உயிர் போகும்.

மறுநாள் மத்தியானம் துரையையே அழைத்துவந்து அங்கே நிறுத்தினேன். அவர் வாயைத் திறப்பதற்குள் தொப்பி பறந்து, வேலியைத் தாண்டி, அடுப்பருகே விழுந்தது. மீனாச்சி அம்மா எடுத்துத் தட்டிக் கொடுத்தபடி மலாயில் துரையைக் கேட்டார்: "தொப்பி வந்த வழியாத்தானே எண்ணெய் வாடையும் வரும், துவான்?"

லாரியின் முகம்

துரை பிளானை மாற்றச் சொல்லிவிட்டார். தொட்டிகளைக் கிழக்கு மூலைக்குத் தள்ளினேன்; அங்கிருந்து கடல்காற்று போகிற பக்கம் வெறும் சதுப்பு. அதில் லாரிப் பாதை குறுகிப்போனது. லாரி நேராக உள்ளே வந்து, எண்ணெயை இறக்கிவிட்டு, ரிவர்ஸில் வாசலுக்குப் போகட்டும் என்று வரைந்தேன். அளவெல்லாம் கச்சிதம். ஆனாலும் மனசு ஒப்பாமல் லாரி டிரைவர் மைதீன் பாயிடம் காட்டினேன்.

அவர் பிளான்மேல் தீப்பெட்டியை வைத்து, அதுதான் லாரி என்று நகர்த்திப் பார்த்தார். தொட்டிவரை கொண்டுபோனார். பிறகு தீப்பெட்டியை எடுத்துத் திருப்பி, முகம் வாசலைப் பார்க்கும்படி வைத்தார். "வரும்போதே ரிவர்ஸ்ல வந்துர்றேன் தம்பி; தீப்பிடிச்சா, நான் ரிவர்ஸ்ல ஊர்ந்து வெளிய போற வரைக்கும் அது காத்துக்கிட்டு நிக்குமா?"

குழாய் கழன்ற மத்தியானம்

தொட்டிகள் வந்து மூன்று மாதம். என் வேலை முடிந்துவிட்டது; ஆனாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு தினமும் அங்கே போய் நிற்பேன். அப்படி நின்ற ஒரு மத்தியானம், எண்ணெய் இறக்கும் குழாய் பூட்டிலிருந்து கழன்றது. பெட்ரோல் தரையில் கொட்டியது. மைதீன் பாய் பாய்ந்து லாரிக் குழாயை மூடுவதற்குள் குளம் கட்டிவிட்டது. நான் வேலியை நோக்கி ஓடினேன். "நெருப்பை அணையுங்க!" என்று கத்தினேன், மலாயில் கத்தினேனா தமிழில் கத்தினேனா தெரியாது.

மீனாச்சி அம்மா ஏன் என்று கேட்கவில்லை. கொதித்துக்கொண்டிருந்த குழம்பைச் சட்டியோடு தூக்கி அடுப்பில் கவிழ்த்தார். அக்கம்பக்கத்து அடுப்புகளும் அணைந்தன. நாங்கள் மணலை அள்ளிக் கொட்டினோம். காற்று வாடையைச் சதுப்புப் பக்கம் கொண்டுபோனது; வீட்டுக்கு வரவே இல்லை. மன்னிப்புக் கேட்கப் போனேன். புகைந்த அடுப்பைக் கிளறிக்கொண்டே சொன்னார்: "நாளைக்கும் பயமா இருந்தா இதே மாதிரி ஓடி வா, குழம்பு திரும்ப வெச்சுக்கலாம்."

மிதந்த தொட்டி

மெர்டேக்காவும் வந்தது. சில மாதத்தில் கடலோரத்துக் கிடங்கு தயாரானது. தொட்டிகளைக் காலி செய்தார்கள், காவல்காரரையும் அனுப்பிவிட்டார்கள். இனி என்ன பயம் என்றார்கள் எல்லோரும். எனக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை.

இரண்டு நாள் விடாத மழை. செல்லையா அண்ணனைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். தொட்டி உடைந்தாலும் எண்ணெய் வெளியே போகக் கூடாதென்று சுற்றிலும் மண்கரை போட்டிருந்தோம். மழைநீர் வடிய அதில் ஒரு குழாய் உண்டு, காவல்காரர்தான் திறந்துவிடுவார். அவர் போனபின் யார் திறப்பது என்று நான் எழுதிவைக்கவில்லை. கரை முட்டத் தண்ணீர்; நடுவே, காலித் தொட்டி ஒன்று குடம் மாதிரி மிதந்துகொண்டிருந்தது. நான் தலையில் கைவைத்து நின்றேன். அண்ணன் கரையைச் சுற்றி வந்தார், காலால் மிதித்துப் பார்த்தார். "ஐயா, உங்க கரையில ஒரு குறை சொல்ல முடியாது, ஒரு சொட்டுத் தண்ணிகூட வெளிய போகலே!"

நான் பத்து நாளில் வரைந்த பிளானை ஊரே சேர்ந்து ஒரு வருஷத்துக்கு மேல் திருத்தியது; அதன் கீழே பெயர் மட்டும் என்னுடையது.