வேகம் எக்ஸ் என்க

வேகம், நேரம், தூரம் மூன்றில் இரண்டைக் கொடுத்தால் மூன்றாவதைக் கண்டுபிடித்துத் தருவதுதான் எங்கள் பிழைப்பு. ஏலத்தோட்ட ஊரான சக்குபள்ளத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில், பத்தாவது பரீட்சை எழுதும் பெரியவர்களுக்குக் கணக்கு எடுக்கிறேன். கணக்கு டீச்சர்களே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும்.

டிரைவர் யார்?

வகுப்பில் செல்வி என்று ஒருத்தி. ஏலக்காய் எடுக்கிறவள், அங்கன்வாடி வேலைக்கு மனுப் போட அவளுக்குப் பத்தாவது வேண்டும். முதல் நாள் போர்டில் எழுதினேன்: மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஜீப், அறுபது கிலோமீட்டர் போக எவ்வளவு நேரமாகும்? எல்லோரும் இரண்டு மணி நேரம் என்றார்கள். செல்வி மட்டும் யோசித்துக்கொண்டிருந்தாள். அவள் கணவர் பாண்டி ஜீப் டிரைவர்.

"எங்க வீட்டுக்காரர் ஓட்டுனா டீக்கடையில நிக்கிற நேரத்தையும் கூட்டணும் டீச்சர்."

ஓரகத்தி

ஒருத்தி தனியாகக் களையெடுத்தால் ஆறு நாள். இன்னொருத்திக்கு மூன்று நாள். சேர்ந்து எடுத்தால்? செல்வி கூட்டி ஒன்பது என்று எழுதியிருந்தாள். ஒரு நாளில் ஒருத்தி ஆறில் ஒரு பங்கு, மற்றவள் மூன்றில் ஒரு பங்கு, சேர்ந்தால் பாதி; ஆகவே இரண்டே நாள் என்று விளக்கினேன். திருத்திக்கொண்டாள்.

"நீங்க சொல்றது சரிதான் டீச்சர். ஆனா எங்க ஓரகத்தியோட சேந்து எடுத்துப் பாருங்க, ஒம்பது நாளும் பத்தாது."

எதிரே வரும் ஜீப்

மாதிரிப் பரீட்சையில் தோற்றதும் செல்வி வருவதை நிறுத்திவிட்டாள். மனசு கேட்காமல் அவள் குடியிருக்கும் தோட்டத்து வரிசை வீடுகளுக்கே, லயத்துக்கே, போனேன். "எக்ஸைப் பாத்தாலே எல்லாம் மறந்துபோகுது, என்னை விட்ருங்க டீச்சர்" என்று அடுப்படிக்குள் போய்விட்டாள்.

பாண்டிக்குச் சங்கடம். என் கையிலிருந்த கேள்வித்தாளை வாங்கிச் சத்தமாகப் படித்தார். கம்பம்மெட்டிலிருந்து ஒரு ஜீப், எதிரே இன்னொரு ஜீப், எப்போது சந்திக்கும்? "ஒரு வேகத்துலருந்து இன்னொண்ணைக் கழிச்சாப் போச்சு" என்றார். "எதிரெதிரா வந்தா கூட்டணும்யா!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பின்னாலேயே ஈரக்கையோடு செல்வியும் வந்தாள். தாளைப் பிடுங்கி, நேரத்தை எக்ஸ் என்று வைத்து, விடை வந்த பிறகுதான் நிமிர்ந்தாள். பாண்டி தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவளுக்கு வருது டீச்சர். ஞாயித்துக்கிழமை நானே கொண்டாந்து விடுறேன்."

ரிசல்ட்

செல்வி பாஸ். கணக்கில் மயிரிழையில் கரையேறியிருந்தாள். மனுவைக் கொடுத்துவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்து, ஆரஞ்சு மிட்டாயை என் வாயிலேயே போட்டாள். இனி ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாகத் தூங்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"எங்க லயத்துல இன்னும் மூணு பேரு படிக்கணும்ங்கிறாங்க. வரச் சொல்லிட்டேன் டீச்சர்."

ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுக்கிற கணக்கு டீச்சர் யாராவது இருந்தால், இதற்கு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது என எனக்கும் கொஞ்சம் கற்றுக்கொடுங்கள், அதுவும் ஞாயிறாக இல்லாமல் பார்த்து.