கியர் ராடில் இருந்த கை

செய்தி வந்தபோது திருத்தங்கலில் என் அச்சகத்தில் காலண்டர் வேலை ஓடிக்கொண்டிருந்தது. மெஷின் சத்தத்தில் போன் அடித்தது கேட்கவில்லை. சட்டைப்பையில் அதிர்ந்ததால்தான் எடுத்தேன். அக்கா பேசினாள். "தம்பி, அத்தான் எந்திரிக்கலடா. காப்பி ஆறிப்போச்சு, இன்னும் எந்திரிக்கல." மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தேன்.

வாசலில் என் மகனின் புது ஆட்டோமேட்டிக் கார் மறித்து நின்றது. "இதுலயே போயிருவம்ப்பா" என்றான். அதை நகர்த்தச் சொல்லிவிட்டு, பின்னால் நின்ற என் பழைய டீசல் வண்டியை எடுத்தேன். அத்தானைப் பார்க்கப் போவதென்றால் அதில்தான் போக முடியும். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

திரு. குருசாமி அவர்கள் என் அக்காவின் கணவர். ஆமத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்று விருதுநகரில் குடியிருந்தவர். அவரை அறியாதவர்களுக்கு ஒன்றைச் சொன்னால் போதும். எங்கள் சொந்தபந்தத்தில் அவரிடம் கேட்காமல் யாரும் கார் வாங்கியதில்லை. கேட்காமல் வாங்கிய ஓரிருவர், அவர் வீட்டு விசேஷத்துக்கு வரும்போது வண்டியை அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு நடந்து வருவார்கள்.

கல்யாணத்தன்று பொண்ணு மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ஒரு வாடகைக் கார் பிடித்திருந்தோம். அக்கா தலைகுனிந்து உட்கார்ந்திருக்க, மாலையும் கழுத்துமாக இருந்த அத்தான் முன்சீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்து, "அண்ணே, ரெண்டுலயே இழுக்காதீக. மூணு போடுங்க, வண்டி கத்துது" என்றாராம். அக்கா இதைச் சொல்லாத தீபாவளி கிடையாது. "மொத மொத எங்கிட்ட இவுக ஒரு வார்த்தை பேசல. கியருகிட்டத்தான் பேசுனாக" என்பாள். அத்தான் மறுத்ததே இல்லை. "வண்டி கத்துச்சு, நீ கத்தலயே" என்று சிரிப்பார்.

பட்டாசு ஆலைக்குள் வண்டிகள் போகக் கூடாது. தீப்பெட்டி, போன் எல்லாவற்றையும் வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். கார்களும் வெளியே வேப்பமர நிழலில்தான் நிற்க வேண்டும். சீசன் நேரத்தில் ஆர்டர் கொடுக்க வரும் வெளியூர் வியாபாரிகளின் கார்கள் அங்கே வரிசை கட்டி நிற்கும். அவர்களை வரவேற்க அத்தான் ஆபீஸிலிருந்து வாசல் வரை நடந்தே வருவார். என்ன மரியாதை என்று வியாபாரிகள் பூரித்துப் போவார்கள். எனக்குத் தெரியும், அவர் வந்தது வண்டியை ஆஃப் பண்ணும் சத்தத்தைக் கேட்பதற்கு. அச்சடித்த பட்டாசு லேபிளின் மாதிரியைக் காட்டப் போகும் நாட்களில் நானும் கூட நிற்பேன். ஒருமுறை பெரிய வண்டி ஒன்று வந்து நின்று ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியது. "மூணு சிலிண்டர். மூணுக்கு மூணு வெல குடுத்திருக்காரு பாவம். இவருகிட்ட ரேட்டு கொறைக்கவே வேண்டாம், கேக்க மாட்டாரு" என்று என் காதோரம் சொல்லிவிட்டு, "வாங்க அண்ணாச்சி, வாங்க, சாப்பிட்டீகளா?" என்று கும்பிட்டார். அந்த மனிதர் உண்மையிலேயே விலை குறைத்துக் கேட்கவில்லை.

எனக்கும் அவருக்கும் எதிலும் ஒத்துப்போகாது. எனக்குப் பெட்ரோல் வண்டியின் மெத்தென்ற ஓட்டம் பிடிக்கும். அவருக்கு டீசலின் இழுவை. எனக்கு உள்ளே நாலு வசதி வேண்டும். அவரோ எஞ்சின் நன்றாக இருந்தால் சீட்டுக்குப் பதில் சாக்கைப் போட்டுக்கூட உட்காருவார். சொந்தக்காரர் கல்யாணப் பந்தியில் ஆட்டோமேட்டிக்கா மேனுவலா என்று நாங்கள் ஆரம்பித்தது முற்றிப்போய், சொத்துச் சண்டை என்று நினைத்துச் சம்பந்தி வீட்டார் விலக்கிவிட வந்தார்கள். இலையில் பாயசம் ஊற்றியவர் ஊற்றியபடியே நின்றார். கூரையில் கண்ணாடி ஜன்னல் வைத்த வண்டி ஒன்றை நான் ஆசைப்பட்டுக் காட்டியபோது, "ஏலே, விருதுநகர் வெயிலுக்கு மண்டைக்கு மேல ஜன்னலா? அதுக்கு லட்சத்துல காசா? என் வீட்டு மொட்டமாடிக்கு வா, சும்மா உக்காந்து காஞ்சுட்டுப் போ" என்றார். அந்த ஆசை அன்றோடு போயிற்று.

இந்த டீசல் வண்டி அவர் தேர்ந்தெடுத்ததுதான். ஷோரூமில் விற்பனை பார்த்த தம்பி கால்மிதி, கவர், பாலிஷ் என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். அத்தான் கையமர்த்தினார். "தம்பி, வண்டிக்கு வெல சொல்லுங்க. வாசல் கோலத்துக்கெல்லாம் வெல சொல்லாதீக." பிறகு என்னை ஓட்டச் சொல்லி, அக்கா, என் மனைவி, சாட்சிக்கு அந்த விற்பனைத் தம்பி என எல்லோரையும் ஏற்றி, ஏசியைப் போட்டு, ரயில்வே மேம்பாலத்தின் பாதி ஏற்றத்தில் நிறுத்தச் சொன்னார். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது. "அடிக்கட்டும். இப்ப எடு" என்றார். வண்டி பின்னுக்கு உருளாமல் பிசிறில்லாமல் ஏறியது. "சம்பாதிக்கிற வண்டி. வாங்கு" என்றார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வந்து நான் கேட்டதில்லை.

ஆலையில் மாதிரி வெடித்துக் காட்டும் திடலில் வருடக்கணக்காக நின்றவர் அவர். காது கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டு வந்தது எங்களுக்குத் தெரியும். டிவியைக் கத்தவிடுவார், கூப்பிட்டால் திரும்பமாட்டார், கேலி செய்வோம். அது எவ்வளவு தூரம் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஓய்வுக்குப் பிறகு ஞாயிறு காலைகளில் அவரை ஏற்றிக்கொண்டு ஆமத்தூர் வழியாகச் சிவகாசி போய்த் திரும்புவது எங்கள் வழக்கம். அன்று வழியில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. வெயிலுக்கு ஏசி வேண்டுமென்று எஞ்சினை நிறுத்தாமல் உட்கார்ந்திருந்தேன். அத்தான் ஜன்னல் வழியே பார்த்தபடி சொன்னார். "ஆஃப் பண்ணிட்டியா? நல்லது. டீசல் மிச்சம்."

சும்மா இருந்திருக்கலாம். பழக்கதோஷத்தில், "இல்ல அத்தான், எஞ்சின் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு" என்று உரக்கச் சொல்லிவிட்டேன். அவர் திரும்பி என் உதட்டைப் பார்த்தார். பிறகு டேஷ்போர்டின் முள்ளைப் பார்த்தார். ஒரு வண்டி தெருமுனை திரும்பும்போதே அது யாருடையது, எப்போது ஆயில் மாற்றியது என்று சொன்ன மனிதர் அவர். மெல்ல வலது கையை நீட்டி, கியர் ராடின் மேல் உள்ளங்கையை வைத்தார். எஞ்சினின் அதிர்வு அதில் ஏறி வந்துகொண்டிருந்தது.

"ஆமா, ஓடுது" என்றார்.

கேட் திறந்தது. பின்னால் ஹாரன். அவர் கையை எடுக்கவில்லை. அவர் கைமேல் என் கையை வைத்து, இரண்டு கையும் சேர்ந்தே முதல் கியரைப் போட்டோம். அதன்பிறகு எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். ராடில் அவர் கை, அதன்மேல் என் கை. நரைத்த இரண்டு ஆண்கள் கைகோத்துக்கொண்டு கார் ஓட்டுவதைப் பார்த்து பஸ்காரர்கள் சிரித்திருப்பார்கள். பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த காது மெஷினைச் சட்டைப்பையிலேயே போட்டு வைத்திருப்பார். "அதுல ஆளுக பேச்சுதான் கேக்குது. அது யாருக்கு வேணும்?" என்பார். ஆனால் ராடில் கை இருந்தால் போதும், "மூணுல கெடக்கு, நாலு கேக்குது பாரு" என்று பழைய அதிகாரம் வந்துவிடும். சொன்னது சரியாகவும் இருக்கும்.

மகனுக்கு வண்டி பார்க்கக் கிளம்பியபோது அத்தானையும் கூட்டிப் போனோம். ஒரு மின்சாரக் காரில் அவரை முன்சீட்டில் உட்காரவைத்தார்கள். கியர் ராடு இருக்கவேண்டிய இடத்தில் வட்டமாக ஒரு குமிழ் இருந்தது. அதில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். "கெளப்பு" என்றார். "ஆன்லதான் சார் இருக்கு" என்றார் கம்பெனிக்காரர். வண்டி நகர்ந்தது. ஷோரூம் சுவர் பின்னால் போவதை அத்தான் பார்த்தார். கை மட்டும் குமிழிலேயே இருந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

இறங்கியதும் ஒரு குறையும் சொல்லவில்லை. பேட்டரி எத்தனை வருடம் உழைக்கும், ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் போகும், பழசாக விற்றால் என்ன தேறும் என்று எல்லாவற்றையும் அலசிவிட்டு, "நல்ல வண்டி மாப்ளே. குடுக்கிற காசுக்கு மோசமில்ல. உன் பழசத் தள்ளிட்டு இத வாங்கு" என்றார். அவர் நேர்மை அது. தனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக ஒரு வண்டியைத் தாழ்த்திச் சொன்னதே இல்லை. மகன் கடைசியில் ஒரு பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கை வாங்கிக்கொண்டான். நான் பழசைத் தள்ளவில்லை.

அதற்காக வாங்கிய வசவு கொஞ்சநஞ்சமல்ல. பழைய கார் புரோக்கர் ஒருவர் மாதம் தவறாமல் கேட்பார், ஒவ்வொரு தடவையும் விலையை இறக்குவார். அத்தான் அவர் கட்சி. "வருசா வருசம் வெல விழுந்துக்கிட்டே போகுது. இம்புட்டு நாள் எங்கூடச் சுத்தி இது தெரியல உனக்கு? வித்துரு." பேப்பர் ஏற்ற வேண்டும், மகன் வண்டியில் கறை படும், இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும் என்று ஏதாவது சொல்லி மழுப்புவேன். "கிறுக்கு" என்பார். உண்மைக் காரணத்தை அவரிடம் எப்படிச் சொல்வது? அவர் கைக்குப் பேசுகிற வண்டி இது ஒன்றுதான் என்று சொன்னால், பரிதாபப்படுகிறேன் என்று அடுத்த ஞாயிறு வரமாட்டார்.

அவர் போவதற்குச் சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிறு. ஆமத்தூர் தாண்டியதும் மழை தூறிக்கொண்டிருந்தது. சாலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"மாப்ளே, இந்த வண்டிய யாருக்காக விக்காம வச்சிருக்கன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?"

நான் வேகத்தைக் குறைத்தேன்.

"வச்சுக்கோன்னு நான் சொன்னா, எனக்காக நீ நஷ்டப்படுற மாதிரி ஆயிரும். வித்துரு வித்துருன்னு வஞ்சாத்தான் நீ வீம்புக்கு வச்சிருப்ப. டவுசர் போட்ட நாள்லருந்து உன்னையப் பாக்கேன். தெரியாதா எனக்கு?"

என் கை அவர் கைமேல் இருந்தது. நாலாவது கியர் போடவேண்டிய இடம். எனக்குக் கண் மறைத்தது. மூன்றிலேயே ஓட்டிக்கொண்டிருந்தேன். "நாலு கேக்குதுல்ல, ஏலே" என்று வைதார். போட்டோம்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு புரோக்கர் போன் செய்தார். இனிமேல் அந்த வண்டியை வைத்திருக்க ஒரு காரணமும் இல்லை என்பது அவருக்குக்கூடத் தெரிந்திருந்தது. நல்ல விலைதான் சொன்னார். அத்தான் இருந்திருந்தால் அன்றே சாவியைக் கொடுக்கச் சொல்லியிருப்பார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அடுத்த ஞாயிறு காலை பழக்கத்தில் விருதுநகர் போய்விட்டேன். வாசலில் நிறுத்திய பிறகுதான் யாரை ஏற்ற வந்தோம் என்று தோன்றியது. எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். அக்கா வெளியே வந்தாள். ஒன்றும் கேட்காமல் முன்கதவைத் திறந்து அத்தானின் இடத்தில் உட்கார்ந்தாள். அவள் அந்தச் சீட்டில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. "எங்கனயாச்சும் போடா" என்றாள்.

ரயில்வே கேட் அன்றும் அடைத்திருந்தது. அக்கா அந்தக் கியர் ராடையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் தலை, அத்தான் கை பட்டுப் பட்டு வழவழப்பாகியிருந்தது. "இப்படித்தான வப்பாக?" என்று தன் கையை அதன்மேல் வைத்தாள். "துடிக்குதுடா தம்பி" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். மற்றக் கையை ராடிலிருந்து எடுக்கவில்லை. கேட் திறந்தது. அவள் கைமேல் என் கையை வைத்து முதல் கியரைப் போட்டேன்.

அத்தான், புரோக்கரிடம் இல்லையென்று சொல்லிவிட்டேன். உங்கள் கணக்குப்படி இது முழு நஷ்டம். நீங்கள் ஒரு வார்த்தை வைதால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருக்கும். அதற்குத்தான் வழியில்லாமல் போய்விட்டது. நிம்மதியாகப் போய் வாருங்கள். நான் ஆஃப் பண்ணவில்லை, எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.