அஞ்சுலயும் எடு

நேற்று அலுவலகத்தில் ஒரு பழைய நிரலை நீக்க வேண்டியிருந்தது. கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தேன். 'தொடரலாமா?' என்று அது கேட்டதும் பிடரி கூசியது. இத்தனை வருடம் கழித்தும் இந்தக் கேள்வியைப் பார்த்தால் எனக்கு டீசல் வாடை அடிக்கும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

குடவாசலில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். ஐந்து கணினி, ஐந்திலும் லினக்ஸ். முதலாளி பாய் துபாயிலிருந்து திரும்பியவர். "ஓசியில கெடைக்கிதுல்ல, அதையே போடுங்க தம்பி" என்றுவிட்டார். நிரலைப் போடுவதும் எடுப்பதும் ஒற்றை வரிக் கட்டளை. அது தெரிந்த ஒரே ஆள் என்று எனக்கு ஏகப்பட்ட கெத்து.

வெள்ளிக்கிழமை வளைகுடாவில் விடுமுறை. அன்று மதியம் பெண்கள் வந்து, இணையத்தில் பேச உதவும் ஒரு நிரல் வழியாக அங்கே இருக்கும் கணவரோடு பேசுவார்கள். அப்படி வருகிறவர்களில் ஒருவர் ஸ்டெல்லா அக்கா. அவர் வீட்டில் தொலைபேசி இருந்தது, அதற்குப் பூட்டும் இருந்தது. சாவி கணவரின் அண்ணனிடம். அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவன், அக்காவை பெல்ட்டால் அடிக்கிறவன். அதை ஒரு வெள்ளியன்று அக்கா முதன்முதலாகக் கணவரிடம் சொன்னார். "ஒரு வாரம் பொறு, எப்ப வர்றேன்னு சொல்றேன்" என்றிருந்தார் அவர்.

அடுத்த வெள்ளியன்று அக்கா பேச ஆரம்பித்ததுமே அந்த அண்ணன்காரன் உள்ளே வந்தான். தலையிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கியதில் தோடும் சேர்ந்து வந்தது. காது கிழிந்தது. எழுந்த அக்காவை வயிற்றில் மிதித்தான். தடுக்கப் போனேன் என்று எழுத ஆசைதான். போகவில்லை. அவனே என்னிடம் வந்தான். டீசல் நாறும் கையால் பிடரியைப் பிடித்து, முகத்தை விசைப்பலகையில் மோதினான். முன்பல் பாதி போயிற்று.

"எதுலடா பேசுறா இவ? அத எடு. அஞ்சுலயும் எடு."

"தம்பி, வேணாம்ப்பா" என்றார் அக்கா, தரையில் கிடந்தபடி.

திரையில் ஓடுவது ஒன்றும் அவனுக்குப் புரியாது. நான் எதை அடித்திருந்தாலும் நம்பியிருப்பான். பயத்தில் சரியாகவே அடித்தேன், 'தொடரலாமா?' என்று கேட்டபோதெல்லாம் ஆம் என்றேன். நான்கை முடித்துவிட்டு அக்காவின் கணினிக்கு வந்து அதிலும் எடுத்தேன், எழுத்துகளின் மேல் ரத்தம் சொட்டச் சொட்ட. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நீக்கினாலும் அதை மூடும்வரை அது வேலை செய்யும். தொங்கிக்கொண்டிருந்த ஹெட்போனிலிருந்து, "ஸ்டெல்லா, இருக்கியா? டிக்கெட்டு..." என்று குரல் வந்தது. அவன் சொல்லாமலே, நானாகவே அதை மூடினேன். அதற்கு எனக்கு மன்னிப்பு கிடையாது.

அக்காவை முடியைப் பிடித்துத் தெருவில் இழுத்துப் போனான். கடைக்காரர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அடுத்த வெள்ளிக்குள் எல்லாவற்றையும் திரும்ப நிறுவி, அக்கா பெயரிலேயே திறந்து வைத்தேன். அதே நேரத்துக்கு அழைப்பு வந்தது. அக்கா வரவில்லை. நானாவது எடுத்து நடந்ததைச் சொல்லியிருக்கலாம். அது அடித்து அடித்து ஓய்ந்தது.

சென்டர் இருந்த இடத்தில் இன்று மருந்துக்கடை. அந்த நிரலும் இப்போது எங்கும் கிடைப்பதில்லை, தேடிப் பார்த்தேன். ஸ்டெல்லா அக்கா என்ன ஆனார் என்று மட்டும் யாரிடமும் நான் கேட்டதே இல்லை.