தானாக நகர்ந்த டிரான்ஸ்ஃபார்மர்

தேவானந்தம் மவுசைக் கவிழ்த்துப் போட்டு, அதன் வயிற்றிலிருந்து உருண்டையை எடுத்து, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக்கொண்டிருக்கிறார். பஞ்சும் ஸ்பிரிட்டும் அவருடைய அப்பாவுக்கு ஊசி போட நான் வைத்திருப்பவை. கேட்டால், "ஒரே ஒரு பஞ்சு சிஸ்டர். இதுவும் பேஷண்ட்தான்" என்பார்.

பக்கவாதத்தில் விழுந்த ஏசுதாசன் ஐயாவைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைக்க, இரும்புலியூரில் இருக்கும் அந்த வீட்டுக்குத் தினமும் போகிறேன். முன்னறையில் ஒரு பக்கம் ஐயாவின் கட்டில். எதிரே மகனின் கம்ப்யூட்டர். வீட்டில் இருக்கும் ஒரே நல்ல மின்விசிறியை இருவரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். காற்று கம்ப்யூட்டருக்கு, சத்தம் ஐயாவுக்கு.

ஸ்டெபிலைசர் பெட்டிக்குள் இருக்கும் போர்டில் எந்தச் சாமான் எங்கே உட்கார வேண்டும், அதன் கால்களுக்கு எங்கே ஓட்டை, எந்தக் காலிலிருந்து எந்தக் காலுக்குச் செம்புக் கோடு என்று திரையில் வரைந்து கொடுப்பது தேவானந்தத்தின் தொழில். கிண்டியில் பார்த்த வேலையை இதற்காகவே விட்டார். சாஃப்ட்வேர், நண்பர் ஒருவர் பிளாப்பியில் பிரதி எடுத்துக் கொடுத்தது. அதை எப்படிக் கையாள்வது என்று சொல்லும் புத்தகம் நண்பரிடமும் இல்லை.

அந்த சாஃப்ட்வேருக்கு ஒரு வியாதி. ஒரு சாமானை நகர்த்தினால், சில நாள், தொடாத வேறொன்றும் நகர்ந்துவிடும். காரணம் தெரியாத வியாதிக்கு மனிதர்கள் எத்தனை பத்தியம் கண்டுபிடிப்பார்கள் என்பதை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். இவரும் விதித்திருந்தார். அவர் கோடு போடும்போது சமையலறையில் மிக்ஸி ஓடக்கூடாது. செருப்போடு யாரும் உள்ளே வரக்கூடாது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் பிறகு சேமித்து, மெஷினை அணைத்து, சிறு ஜெபம் செய்து, மறுபடி போடுவார். "மெமரியில அழுக்கு சேருது சிஸ்டர். கழுவி விடணும்." மேற்குத் தாம்பரத்தில் மாலை வகுப்பு எடுத்தபோது மாணவர்களுக்கும் இதையே சொல்லிக்கொடுத்தாராம். ஜெபம் மட்டும் விருப்பப் பாடம்.

போன மாதம் ஒரு மாலை, சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஸ்டெபிலைசர் பட்டறை வைத்திருக்கும் லோகநாதன் ஒரு மூட்டையோடு வந்தார். தேவானந்தத்துக்கு நிரந்தரமாக வேலை கொடுப்பவர் அவர் ஒருவர்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னா சார் இது? டிரான்ஸ்ஃபார்மர் கால் இங்க கீது, ஓட்டை அங்க கீது. ஒரு போர்டுலகூட நுழையல."

"இடத்துல வெச்சப்புறம் அதை நான் தொடவே இல்ல லோகு. கண்டென்சரை மட்டும்தான் நகத்தினேன். அது தானா நகந்திருக்கு. நீ அவசரப்படுத்தின, நான் கழுவாம விட்டுட்டேன்."

"தானா நகந்துச்சா? அப்ப கம்ப்யூட்டருக்குப் பேய் புடிச்சிகினுகீது. ஃபாதரை இட்டாந்து மந்திரிங்க."

"எங்களுக்கு ஃபாதர் கிடையாது. பாஸ்டர்."

"யாரோ ஒருத்தர்! நாளைக்கு பார்ட்டி கைக்குப் பெட்டி போவணும். அந்த ஆர்டர் பூட்டுச்சுன்னா, போர்டு போட நான் வேற ஆளைப் பாத்துக்குவேன் சார்."

தேவானந்தத்தின் மனைவி யூனிஸ் தொலைபேசி அலுவலகத்தில் வேலை செய்பவர். கையில் தேங்காய்த் துருவலோடு சமையலறையிலிருந்து வந்தார்.

"என்னங்க, வழக்கமா செய்யற மாதிரியே செஞ்சு காட்டுங்க. ஆனா முழு போர்டும் தெரியட்டும்."

"முழுசா வர லேட்டாகும்மா."

"மூட்டையே திரும்பி வந்தாச்சு. இனிமே என்ன லேட்டு?"

முழுப் படமும் திரையில் வர, அந்த மெஷினுக்கு ஐயா ஒரு டம்ளர் கஞ்சி குடித்து முடிக்கும் நேரம் பிடிக்கும். அதனால் இவர் எப்போதும் ஏதாவது ஒரு மூலையை மட்டும் பெரிதாக்கி வைத்துக்கொண்டுதான் வேலை செய்வார்.

படம் மெதுவாக இறங்கி வந்தது. டிரான்ஸ்ஃபார்மரைத் தேர்ந்தெடுத்து இடத்தில் வைத்தார். பிறகு எதிர் மூலையில் இருந்த கண்டென்சரைத் தேர்ந்தெடுத்து ஒரு கட்டம் தள்ளினார். கூடவே டிரான்ஸ்ஃபார்மரும் ஒரு கட்டம் தள்ளிப் போயிற்று. முதலில் தேர்ந்தெடுத்ததை விட்டுவிடு என்று அவர் மெஷினுக்குச் சொல்லவில்லை. அதனால் அது விடவில்லை. மெஷினை அணைத்துப் போட்ட நாட்களில் எல்லாம் சரியாக இருந்ததும் அதனால்தான். அணைத்தால் அந்தப் பிடி போய்விடுகிறது. ஜெபத்துக்கு அதில் பங்கு உண்டா என்று நான் கேட்கவில்லை.

"பாத்தீங்களா? சாஃப்ட்வேர்ல டிஃபெக்ட்" என்றார் தேவானந்தம்.

"புடிச்சது யாரு சார்? வுடாதது யாரு?" என்றார் லோகநாதன்.

தேவானந்தம் மவுசைக் கவிழ்க்கப் போனார். யூனிஸ் பஞ்சு டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தார்.

மறுநாள் காலை நான் போனபோது தரை முழுவதும் போர்டுகள். தேவானந்தம் கை டிரில்லால் ஒவ்வொன்றிலும் புது ஓட்டை போட, லோகநாதன் கம்பித் துண்டு வைத்து ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்துவிடும், ஆனால் ஒரு நாள் தள்ளிப்போகும். தொலைபேசி அடித்தது. ஆர்டர் கொடுத்த பார்ட்டி, பட்டறையில் விசாரித்து இங்கே கூப்பிட்டிருந்தார்.

"ஒரு நாள் டைம் குடுங்க சார்... இன்னா ஆச்சுன்னா..." என்று இழுத்த லோகநாதன், ரிசீவரைத் தேவானந்தத்திடம் நீட்டினார். "நீங்களே சொல்லுங்க."

தேவானந்தம் கையில் ஒட்டிய தூளை லுங்கியில் துடைத்து அதை வாங்கினார். பேசும் பக்கத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, எங்கள் எல்லோரையும் உள்ளே போகும்படி தலையசைத்தார். போனோம். சமையலறை வரை கேட்டது.

"சார், அது தானா நகரல சார். நான்தான் நகத்திட்டேன்."

எட்டிப் பார்த்தேன். எழுந்து போக முடியாத ஏசுதாசன் ஐயா, கண்களை இறுக மூடிக்கொண்டு தூங்குகிறவர்போல் கிடந்தார்.