பிலாத்துவின் முதுகெலும்பு

ஆவூர் இன்னாசிக்கு வயது அறுபத்தேழு. அதில் இருபத்தொன்பது வருஷம் புதுக்கோட்டை, திருமயம், அரிமளம் என்று தனியார் பஸ் ஓட்டினார். இருபத்திரண்டு வருஷமாக ஊர்ப் பாஸ்காவில் பிலாத்து வேஷம் கட்டுகிறார். இரண்டுக்கும் அவரிடம் இருந்த தகுதி ஒன்றேதான், தொண்டை. கண்டக்டர் விசில் அடிப்பதற்குள் இவர் போடும் சத்தத்திலேயே கூட்டம் உள்ளே நகர்ந்துவிடும்.

பாஸ்கா என்பது இயேசு ஆண்டவர் பட்ட பாடுகளை நடிக்கிற நாடகம். ஈஸ்டர் கழிந்த சனிக்கிழமை சாயங்காலம் கோயில் மைதானத்தில் நடக்கும். அதில் இயேசுவுக்குத் தீர்ப்புச் சொல்லும் ரோமாபுரி ஆளுநர் பிலாத்துவின் வேலை என்னவோ சுலபமானதுதான். சிம்மாசனத்தில் உட்கார்ந்து விசாரிக்க வேண்டும், கடைசியில் எழுந்து நின்று, தண்ணீர் கொண்டு வரச் சொல்லி, 'இந்தப் பழிக்கு நான் ஆளில்லை' என்று கையைக் கழுவ வேண்டும். ஆனால் இன்னாசி எழுந்திருக்கிற எழுச்சி இருக்கிறதே, முன்வரிசைப் பிள்ளைகள் அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். அதற்காகவே அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வருவதாக அவர் நம்பினார். யாரும் மறுத்துச் சொன்னதில்லை.

இந்த வருஷம் முதல் ஒத்திகையில் எழுந்தார் பாருங்கள், பாதியிலேயே, "ஐயோ, மாதாவே!" என்று அலறிவிட்டார்.

பாஸ்காவை நடத்தும் லியோன் தலையில் கை வைத்துக்கொண்டார். "யோவ், பிலாத்து ரோமாபுரிக்காரன்யா. அவனுக்கும் மாதாவுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"முதுகு வலிச்சா ரோமாபுரிக்காரனும் அப்படித்தான் கத்துவான்" என்றார் இன்னாசி. விட்டுக்கொடுப்பாரா மனுஷன்?

ஓரத்தில் உட்கார்ந்திருந்த அடைக்கலசாமியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனது. பதினோரு வருஷமாகப் பிலாத்து வசனத்தை மனப்பாடம் பண்ணிக்கொண்டு, இன்னாசிக்கு ஒரு காய்ச்சலாவது வராதா என்று காத்திருந்தவர். நல்ல மனுஷன்தான், பாவம்.

"பாஸ்கா அன்னைக்கிச் சத்தம் போடாம எந்திரிச்சா வேஷம் ஒனக்கு. இல்லைன்னா அடைக்கலசாமிக்கு" என்று முடித்துவிட்டார் லியோன்.

முதுகு வலியை இரண்டு மாதமாக டிரைவர் சீட்டின் தலையில் கட்டிக்கொண்டிருந்தார் இன்னாசி. படுக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார். மனைவி ஜெபமாலையம்மாள் பக்கத்தில் பாயைப் போட்டுக்கொண்டு அவர் முனகுவதை எண்ணிக்கொண்டே கிடப்பாள். கடைசியில் அவள்தான் திருச்சி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். மூன்று வருஷமாக ஊசியில் அடங்கிக் கிடந்த ப்ராஸ்டேட் புற்று முதுகெலும்புக்கு ஏறியிருக்கிறது என்று ஸ்கேன் சொன்னது. டிரைவர் சீட் நிரபராதி.

டாக்டர் சுகுணா மறைக்காமல் பேசினார். "அய்யா, கதிர்வீச்சு கொடுக்கலாம். அஞ்சு நாள். இது நோயை ஒழிக்கிறதுக்கு இல்லைங்க. வலியைக் கொறைக்கிறதுக்கு. குறைய ரெண்டு மூணு வாரம் ஆகும். முதல்ல ஒண்ணு ரெண்டு நாள் கூடினாலும் கூடும், பயப்படக் கூடாது."

ஜெபமாலையம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இன்னாசி விரல் விட்டு வாரங்களை எண்ணினார். பாஸ்காவுக்கு ஐந்து வாரம் இருந்தது. "எனக்கு இப்ப வலிதாம்மா நோவு. அதை எறக்கி விடுங்க போதும். மத்ததை மாதா பாத்துக்கிடுவா."

ஊரில் அதற்குக் கரண்டு வைப்பது என்று பெயர். அதனால் இன்னாசிக்கு ஏகப்பட்ட சந்தேகம். செருப்பைக் கழற்ற வேண்டுமா, ஷாக் அடிக்குமா, நடுவில் கரண்டு போய்விட்டால் பாதி முதுகோடு எழுந்து போக வேண்டுமா? மிஷின் பார்க்கிற ரகுநாத் பொறுமைசாலி. "ஒண்ணுமே தெரியாதுங்கய்யா. எக்ஸ்ரே எடுக்கிற மாதிரிதான். அசையாம மட்டும் இருக்கணும்."

திங்கட்கிழமை மல்லாக்கப் படுக்கவைத்து ஸ்கேன் எடுத்து, வயிற்றின் நடுவில் ஒன்றும் இரண்டு விலாவிலும் ஒவ்வொன்றுமாகப் பேனாவால் கூட்டல் குறி போட்டான். இன்னாசிக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, வலி பின்னாடி. நீ முன்னாடி கோடு போடுற."

"அந்தக் குறியை வச்சுத்தாங்கய்யா மிஷின் எலும்பைக் கண்டுபிடிக்கும். புதன்கிழமை வாங்க. அதுவரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்க்காதீங்க. அழிஞ்சிரக் கூடாது."

ஜெபமாலையம்மாள் சோப்பைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிட்டாள். அவ்வளவு கவனம்! ஆனால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் முனகியதைக் கேட்கத் தாளவில்லை. கோயிலுக்கு ஓடிப்போய் மாதா விளக்கு எண்ணெயை ஒரு கிண்ணத்தில் வாங்கிவந்தாள். அந்த வீட்டில் சுளுக்கோ, பரீட்சையோ, கறக்காத மாடோ, எல்லாவற்றுக்கும் அந்த எண்ணெய்தான். முதுகில் தடவினாள். கரண்டு வயிற்றுப் பக்கமாகத்தானே வரப்போகிறது என்று அங்கேயும் தடவினாள். விலாவை விடுவானேன் என்று அதையும் தேய்த்தாள். முழுசாகத் தேய்த்து முடித்து, உள்ளங்கையைப் பார்த்தாள். நீலமாக இருந்தது.

"அடியே, அழிச்சிட்டியா?"

"சோப்புத்தாங்க போடக் கூடாதுன்னாரு அந்தத் தம்பி. எண்ணெயைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னாரா?"

நியாயம்தான். ஆனால் நியாயம் வயிற்றில் கோடு போடாதே! விடிந்ததும் லியோன் வீட்டில் ஒரு மார்க்கர் பேனா வாங்கிவந்து, நினைவிலிருந்து மூன்றையும் திரும்ப வரைந்தாள். இன்னாசி குனிந்து பார்த்துவிட்டு அச்சு அசல் என்று பாராட்டினார். இருவரும் திருச்சி பஸ் ஏறினார்கள்.

அந்தப் பயணத்தைச் சொல்லி முடியாது. ஒவ்வொரு வேகத்தடைக்கும் இன்னாசியின் உயிர் போய் வந்தது. ஒரு காலத்தில் இதே மாதிரி வேகத்தடைகளை அவர் பறந்தே தாண்டியவர். 'கடைசி சீட்டில் உட்கார்ந்து வந்த சனங்களே, என்னை மன்னிச்சிருங்க' என்று மனதுக்குள் பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கொண்டே போனார்.

மேஜையில் படுக்கவைத்து, சுவரிலிருந்து வந்த சிவப்பு வெளிச்சக் கோடுகளைக் குறியின்மேல் பொருத்திப் பார்த்த ரகுநாத், குனிந்தான், நிமிர்ந்தான், மறுபடி குனிந்தான். நடுவில் இருந்த குறிக்குக் கீழ்க்கால் நீண்டு தொப்புளைத் தாண்டிப் போயிருந்தது. அடியில் ஒரு பீடம் வேறு. விலாவில் இருந்த இரண்டும் கொஞ்சம் சின்னது. பிறந்ததிலிருந்து அவள் கை போட்டுப் பழகியது சிலுவை. கையைப் பிடித்து நிறுத்த முடியுமா? மனுஷன் வயிற்றில், மூன்று சிலுவை நின்ற கல்வாரி மலையையே ஏற்றிவைத்திருந்தாள்.

"அய்யா, இதை யாரு வரைஞ்சது?"

தவக்காலம். பொய் சொல்லக் கூடாது. இன்னாசி கண்ணை மூடிக்கொண்டார். "நான் இந்தப் பழிக்கு ஆளில்ல தம்பி. வெளியில நிக்கிறா பாரு."

டாக்டர் சுகுணா வந்து பார்த்தார். உதடு துடித்தது, ஆனால் சிரிக்கவில்லை. "அம்மா, இதை ரகுநாத் கவனிக்காம விட்டிருந்தா நோவு இல்லாத எலும்புக்கில்ல கொடுத்திருப்போம்? அழிஞ்சா அழிஞ்சிருச்சுன்னு சொல்லுங்க. நீங்களா வரையாதீங்க."

ஜெபமாலையம்மாள் பொலபொலவென்று அழுதுவிட்டாள். "அவரு வலியைப் பாக்க முடியல டாக்டரம்மா. எனக்கு வேற என்ன செய்யத் தெரியும்?" டாக்டர் அவள் தோளில் கை வைத்தார். அந்த வருஷத்தில் அவள் வாய்விட்டு அழுதது அன்றுதான்.

மறுபடி ஸ்கேன், மறுபடி கணக்கு. இரண்டு நாள் போச்சு. இந்தத் தடவை பேனா இல்லை. மூன்று கடுகளவுப் புள்ளி பச்சை குத்திவிட்டார்கள். எந்த எண்ணெயும் அசைக்க முடியாது.

அப்புறம் ஐந்து நாள் கரண்டு. படுக்கவைத்ததும் எல்லோரும் வெளியே போய்க் கனத்த கதவைச் சாத்திக்கொள்வார்கள். 'நல்ல சாமானா இருந்தா ஏன்டா எல்லாரும் ஓடுறீங்க?' என்று நினைத்துக்கொண்டே அசையாமல் கிடப்பார். வலியோடு மல்லாந்து கிடப்பதுதான் பாடு. பிலாத்து வசனத்தை மனதுக்குள் ஒரு முறை சொல்லி முடித்தால் கதவு திறந்துவிடும்.

டாக்டர் சொன்ன மாதிரியே முதலில் வலி கூடியது. மாத்திரையைக் கூட்டினார்கள். அடைக்கலசாமி தினமும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, "ஒடம்பைப் பாத்துக்கங்கண்ணே, வேஷத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்றாவது வாரம் ஒரு காலையில் இன்னாசி குனிந்து செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு கோயில் வரைக்கும் போய்விட்டார். குனிந்தது அங்கே போன பிறகுதான் உறைத்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வந்த சுகம் ஓடிப்போய்விடுமோ என்று பயம்.

பாஸ்கா அன்று லியோன் முன்ஜாக்கிரதையாக இரண்டு பிலாத்துகளைத் தயார் பண்ணிவிட்டார். ஒருவர் சிம்மாசனத்தில், இன்னொருவர் திரைக்குப் பின்னால். இருவருக்கும் கிரீடம். முன்வரிசைப் பாயில் ஜெபமாலையம்மாள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

விசாரணை முடிந்தது. மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. இன்னாசி கைப்பிடியை அழுத்தினார், பல்லைக் கடித்தார், எழுந்தார்.

ஒன்றுமில்லை. குத்தவில்லை, பிடிக்கவில்லை, மின்னவில்லை. மூன்று மாதமாகக் கூடவே இருந்த அந்தப் பாவி அங்கே இல்லை. நெஞ்சு நிறைந்து, ஒலிபெருக்கி அதிர, "மாதாவே!" என்று கத்திவிட்டார்.

அடுத்த நொடி திரையை விலக்கிக்கொண்டு அடைக்கலசாமி பாய்ந்து வந்தார். மேடையில் இரண்டு பிலாத்து. கட்டுண்டு நின்ற இயேசுவே யாரைப் பார்ப்பது என்று திகைத்தார். லியோன் ஓரத்தில் வாயில் வேட்டி நுனியைத் திணித்துக்கொண்டார்.

முன்வரிசையில் ஜெபமாலையம்மாள் எழுந்து நின்றாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வழிந்தன.

"அடைக்கலசாமி, நீங்க உள்ள போங்க! அது வலிச்ச சத்தம் இல்ல. மூணு மாசமாப் பக்கத்துல கெடந்து கேட்டவளுக்குத் தெரியாதா?"

அடைக்கலசாமி ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போனார். இன்னாசி நிமிர்ந்து நின்றபடியே கையை நீட்டி, தண்ணீர் கொண்டு வரச் சொன்னார்.