பப்பாளிப் பாலும் ஒரு சர்டிபிகேட்டும்

தோல் டாக்டரிடம் கம்பவுண்டராக இருப்பவனுக்கு ஊரெல்லாம் பழக்கம் உண்டு. கடைத்தெருவில் மட்டும் ஒருவரும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். ஐம்பதுகளின் கடைசியில் தென்காசியில் களிம்பு குழைத்தவன் நான். உங்களில் யாராவது அந்த வேலை பார்த்திருந்தால், மேற்கொண்டு சொல்லாமலே புரியும்.

லேபிள்

ஆலங்குளத்திலிருந்து ஒரு வாத்தியார் வருவார். முழங்கையில் படை. பக்கத்துக் கடையில் வெற்றிலை வாங்குவதுபோல் நின்று, தெருவில் தெரிந்த முகம் இல்லை என்று உறுதியான பிறகுதான் எங்கள் படி ஏறுவார். ஒரு நாள் பாட்டிலில் 'மேலே தடவ மட்டும்' என்று லேபிள் ஒட்டினேன். அதை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுக் குனிந்து சொன்னார்: "ஒண்ணும் ஒட்டாதீங்க தம்பி. வீட்ல பல்லுவலி மருந்துன்னு சொல்லிருக்கேன்."

கூடை

மாடசாமி ஐந்தருவிப் பக்கம் ஓர் ஓட்டலில் கறி சமைப்பவர். சாரல் சீசன் மூன்று மாதச் சமையல்தான் அவர் வீட்டுக்கு வருஷச் சோறு. இரண்டு கையும் சிவந்து, விரல் இடுக்கெல்லாம் வெடித்து நீர் வடியும். முதலாளி கண்ணில் படாமல் துண்டால் மறைத்துக்கொள்வாராம். என் களிம்பு எதற்கும் அது மசியவில்லை. ஒழுங்காகப் போடவில்லை என்று டாக்டர் திட்டினார், நானும் சேர்ந்து திட்டினேன்.

சீசன் முடிந்தால் தானே ஆறிவிடும் என்று அவர் சொன்னதைக் காதில் வாங்கிக்கொள்ள எங்களுக்கு ஒரு மாதம் ஆயிற்று. காலையில் முதல் வேலை என்ன என்று அப்புறம்தான் டாக்டர் கேட்டார். ஒரு கூடை பச்சைப் பப்பாளிக்காய் சீவுவது என்றார் மாடசாமி. "முத்தல் கறில்லா ஐயா. அதப் போடலேன்னா எத்தன வெறகு வச்சாலும் வேகாது."

தட்டு

மறுநாள் டாக்டர் எனாமல் தட்டில் ஓர் ஆட்டுக்கறித் துண்டை வைத்து, பப்பாளிப் பாலைத் தடவி, வெயில் படும் ஜன்னலில் வைத்தார். மத்தியானம் விரலால் தொட்டால் கொழகொழவென்று வந்தது. பாலில் உள்ள என்ஸைம் புரதத்தை வெட்டும், ஆட்டுக்கறியா ஆள் தோலா என்று பார்க்காது என்றார். அதே ஜாதிச் சரக்கு நம் உடம்பிலும் உண்டாம். வீங்கிப் புண்ணான தோலில் அதுவும் ஊறி அரிக்குமாம். உள்ளேயும் வெளியேயும் தின்றால் களிம்பு என்ன செய்யும் என்று கேட்டார். மாடசாமி தட்டையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ இத்தன நாளா நானும் வெந்துக்கிட்டுதான் இருந்திருக்கேன்."

காகிதம்

காயை மட்டும் வேறு ஆள் சீவினால் போதும். அதை முதலாளியிடம் வாயால் சொல்ல மாடசாமிக்குத் தைரியமில்லை; சர்டிபிகேட் கேட்டார். இது தொற்றுநோய் அல்ல, பப்பாளிப் பாலால் வந்தது என்று டாக்டர் சொல்லச் சொல்ல எழுதினேன். வெள்ளைத்தாளில் எழுதித் தொலைத்திருக்கலாம். எடுப்பாக இருக்கட்டும் என்று, புதிதாக அச்சாகி வந்திருந்த லெட்டர்ஹெட்டில் எழுதிச் சீலும் குத்தினேன். அதில் டாக்டர் பெயருக்குக் கீழே கொட்டை எழுத்தில் 'தோல், மேகநோய், குஷ்டநோய் சிகிச்சை' என்று இருந்தது. அன்றைக்கே மாடசாமியை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள்.

நான் பஸ் ஏறிப் போய் முதலாளியிடம் மன்றாடினேன். ஒட்டாது என்று எழுதியிருக்கிறதே என்றேன். அவர் கோபப்படவே இல்லை; சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். "நீங்க எழுதினத யாரு வாசிச்சா தம்பி? மேல அச்சடிச்சிருக்கதே போதாதா?"

கை

இரண்டு மாதம் கழித்து மாடசாமி வந்தார். சேதி பரவிவிட்டதால் எந்த ஓட்டலும் எடுக்கவில்லை. புளியறையில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறாராம். டாக்டர் அவர் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பூரித்துப்போனார். சுமை தூக்கிய காய்ப்பு இருந்ததே தவிர, ஒரு வெடிப்பு இல்லை. எனக்கு நிமிர்ந்து பார்க்க முகமில்லை. சுத்தமான தராசையே துடைத்துக்கொண்டிருந்தேன். மாடசாமி டாக்டரிடம்தான் கேட்டார்: "கை நல்லாத்தான் ஆயிட்டு ஐயா. இனி இத எவன் அடுப்படிக்குள்ள விடுவான்?"

என் பதினோரு வருஷ உத்தியோகத்தில், திரும்ப வராதபடி எங்களிடம் முழுக்கக் குணமானவர் அவர் ஒருவர்தான்.