அரக்கன் வாயில் மறுகா

அஜந்தாவுக்குக் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டாள். எதையாவது செய்து வைப்பாள். மட்டக்களப்பு நகரில் ஒரு டிஜிட்டல் பிரிண்ட் கடையில் அவளுக்கு வேலை. கலியாண அட்டை, திருவிழா பேனர், மரண அறிவித்தல் எல்லாம் அவள் கையால்தான் வெளியே போகும். பேனரைப் பதினொரு தடவை மாற்றச் சொன்ன ஒருவருக்குப் பன்னிரண்டாவது தடவை தலைக்குப் பின்னால் சுவாமிக்குப் போடுவது போல ஒளிவட்டம் போட்டுக் கொடுத்தாள். மனுசன் அது நல்லாயிருக்கென்று சந்தோசமாக வாங்கிப் போனார். அவளுடைய கோபத்துக்கு வாய்ப்பது இப்படியான ஆட்கள்தான்.

ஆனால் பிறப்புச் சான்றிதழ் விசயத்தில் அவளுக்கு வந்த கோபம் ஒளிவட்டத்தோடு அடங்குகிற கோபமில்லை. மகளின் சான்றிதழில் தாயின் பெயர் அஜந்தி என்று விழுந்துவிட்டது. ஒரு எழுத்தைத் திருத்த ஓர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். ஆறு தடவை போனாள். ஆறு தடவையும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரே பதில்தான் வந்தது.

"மறுகா வாங்க."

மறுகா என்றால் பிறகு. மட்டக்களப்பில் பிறந்த வாய்க்கு அந்தச் சொல் மூச்சு மாதிரி வரும். அன்றைக்கு வீட்டுக்கு வந்த அஜந்தா, சோறு கூடப் போடாமல் கம்பியூட்டரைத் திறந்தாள்.

பதினைந்து வயதில் கம்பியூட்டர் வகுப்பில் அவள் களவாக விளையாடிய பழைய விளையாட்டு ஒன்று அதில் இருந்தது. இருட்டுக் கட்டடம், வளைந்து வளைந்து போகும் நடை, மூலைக்கு மூலை உறுமிக்கொண்டு பாயும் அரக்கர்கள். நிறநிறமாய்ச் சாவி தேடிக் கதவு திறந்து, சுட்டுக்கொண்டே தப்பிப் போக வேண்டும். இப்படியான பழைய விளையாட்டுகளின் வயிற்றைத் திறந்து, படங்களையும் சத்தங்களையும் எடுத்துவிட்டு நம்முடையதை வைக்கலாம். அப்படிச் செய்வதற்கு மொட் என்று பெயர். மகள் பள்ளிக்கூடம் போனதற்கும் கடை திறப்பதற்கும் இடையில் கிடைக்கும் நேரத்தில், இரண்டு மாதமாக அஜந்தா அந்த வேலையைப் பார்த்தாள்.

இருட்டுக் கட்டடம் அலுவலகமானது. துப்பாக்கி போய் பழுப்பு நிற ஃபைல் வந்தது. மூன்று சாவிகளும் கையெழுத்து, முத்திரை, கிராம சேவகர் கடிதம் என்று மாறின. உயிர் குறைந்தால் ஒரு பிளேன்டீயும் பணிசும் கிடைக்கும். அரக்கர்கள் எல்லாரும் கண்ணாடி போட்ட உத்தியோகத்தர்கள். யாரும் சாவதில்லை, சரியான படிவத்தை நீட்டினால் எழும்பித் தேநீர் குடிக்கப் போவார்கள், அவ்வளவுதான். கடைசி அறையில் பெரிய அரக்கன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெறும் கதிரையும் மேலே சுற்றும் ஃபேனும். ஐயா மீட்டிங்கில்.

அரக்கர்களின் உறுமலுக்குப் பதிலாக ஒரு குரல் தேவைப்பட்டது. அவள் கணவன் உதயரூபன் யாழ்ப்பாணத்தில் ஒரு பிஸ்கட் கம்பனிக்கு விற்பனைப் பிரதிநிதி. பதினைந்து நாளுக்கொரு தடவை வீட்டுக்கு வருவான். வந்தவனைப் பிடித்து, எதிரொலி வராமல் இருக்க உடுப்பு அலுமாரிக்குள் தலையை விடச் சொல்லி, ஃபோனை நீட்டினாள்.

"எப்பிடிச் சொல்லணும்?"

"அவங்க சொல்ற மாதிரி. வெத்திலைய மெண்டுகொண்டு ஒருக்கா, ஃபோன் கதைச்சுக்கொண்டு ஒருக்கா."

"மறுகா வாங்க" என்பதை அவன் ஒன்பது விதமாகச் சொன்னான். ஒவ்வொன்றுக்கும் இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கலியாணம் கட்டிய காலத்தில் கூட அப்படிச் சிரித்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

அந்த விளையாட்டை இணையத்தில் போட்டதும் களுவாஞ்சிக்குடியிலிருந்து வாகரை வரைக்கும் ஆட்கள் இறக்கி விளையாடினார்கள். எங்கள் கதையேதான் என்று எழுதினார்கள். அஜந்தாவுக்குத் தலை கால் புரியவில்லை. அதற்குப் பிறகுதான் வெளியூர்க்காரன் ஒருவன், விளையாட்டுகளை விளையாடிக் காட்டி வீடியோ போடுகிறவன், அதைக் கையில் எடுத்தான். அவனுக்கு அந்தச் சொல் தெரியாது. அரக்கனின் பெயர்தான் மறுகா என்று நினைத்துவிட்டான். மூலையில் ஓர் உத்தியோகத்தர் தலை தெரிந்ததும் "மறுகா வருது, மறுகா வருது" என்று கத்திக்கொண்டு ஓடினான். உதயரூபனின் குரலில் இருந்த அதே இழுவையோடு அவன் சொல்லிக் காட்டச் சொல்லிக் காட்ட, பார்த்தவர்கள் எல்லாரும் சொல்லத் தொடங்கினார்கள். முதல் நாள் அஜந்தாவும் சிரித்தாள்தான்.

யாழ்ப்பாணத்துக் கடைக்காரர்களும் அந்த வீடியோவைப் பார்த்திருந்தார்கள். வாரா வாரம் கேட்கிற குரலல்லவா, பிடித்துக்கொண்டார்கள். பிஸ்கட் வான் போய் நின்றால், "மறுகா வந்திட்டார்" என்பார்கள். உதயரூபன் இதை ஃபோனில் பகிடியாகத்தான் சொன்னான். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டான். ஒரு செவ்வாய்க்கிழமை கதைத்து முடிக்கும்போது அவன் சொன்னான்:

"சரி, பேந்து எடுக்கிறன்."

பேந்து. யாழ்ப்பாணத்தார் பிறகு என்பதற்குச் சொல்லும் சொல். நல்ல சொல்தான், அவர்கள் வாயில். ஆனால் இரண்டு வருசம் அங்கே இருந்தும் ஊர்ப் பேச்சில் ஒரு சொல் மாறாமல் வந்தவன் இவன்.

அன்றைக்கு அஜந்தா அந்த வீடியோவின் கீழே, 'மறுகா அரக்கனின் பெயர் அல்ல, பிறகு என்று அர்த்தம்' என்று தட்டினாள். அனுப்பப் போனவள் கையை எடுத்துவிட்டாள். வீடியோக்காரன் பிழையாக விளங்கிக்கொண்டான் என்று எப்படிச் சொல்வது? கொண்டுபோய் அரக்கன் வாயில் வைத்தது அவள்தானே. கலியாணத்துக்கு முன் உதயரூபன் முதன்முதலாக அவளிடம் பேசியது, "மறுகா கதைப்பம்" என்றுதான். சொன்னவன் மறுநாளே வந்து நின்றான். அவளுடைய ஊரில் அந்தச் சொல்லைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் வருகிறவர்கள்தான். அலுவலகத்துக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அந்தப் பெண் கூட முகத்தைச் சுளிக்காமல்தான் சொன்னாள். அஜந்தாவுக்கு வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை உதயரூபன் வந்தான். சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டான்.

"அந்தக் குரல எடுத்துப்போட ஏலுமா?"

"ஏலும். நான் நக்கலடிச்சது ஒபிஸ் ஆக்களத்தானே."

"ஓம். நீ ஒபிஸ் ஆக்கள நக்கலடிச்சாய். அவங்க என்ட வாய நக்கலடிக்காங்க. கடைக்குள்ள போகக்குள்ள என்ன சொல்லப்போறனெண்டு முதல்லயே யோசிக்கன், அஜந்தா. சம்பளத்துக்குப் போனவன் வாய்க்குப் பயந்துகொண்டு நிக்கன்."

"என்ட பிழைதான்" என்றாள். அவன் ஈரக் கையோடு அவள் தலையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

ஒன்பது சத்தங்களையும் அவள் எடுத்தாள். ஒருமுறை விளையாடிப் பார்த்தாள். உத்தியோகத்தர்கள் வாயைத் திறந்தார்கள், மூடினார்கள். ஒரு சொல்லும் வரவில்லை. போ என்றும் இல்லை, வா என்றும் இல்லை. முந்தியதை விட இது பயமாக இருந்தது. அப்படியே ஏற்றிவிட்டாள். பழையது ஏற்கெனவே எத்தனை கம்பியூட்டரில் கிடக்கிறதோ, அதை ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்த செவ்வாய்க்கிழமை உதயரூபன் யாழ்ப்பாணத்திலிருந்து ஃபோன் எடுத்தான். மகளின் பாடம், தண்ணீர் மோட்டர், ஏழாவது தடவை போய் ஒருவழியாகத் திருத்தி வாங்கிய சான்றிதழ், எல்லாம் கதைத்தார்கள். பக்கத்தில் யாரோ அவனைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"சரி, அப்ப..." என்றான்.

அஜந்தா ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள். மறுகா, பேந்து, அந்த இரண்டு சொல்லில் எதையும் அவன் எடுக்கவில்லை.

"வைக்கிறன்" என்றான்.

ஓம் என்றாள்.